தலைக்கு மேலே போனது எது? இந்திய விமானப்படை விமானங்களை அடையாளம் காணும் முறை

தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் நிற்கிறீர்கள். வானம் கிழிவதுபோல் ஒரு சத்தம். நிமிர்ந்தால் இரண்டு சாம்பல் புள்ளிகள், அடுத்த நொடி அதுவும் இல்லை. பக்கத்தில் நிற்பவர் "ரஃபேல்" என்பார். பெரும்பாலும் அது ரஃபேலாக இருக்காது. செய்தியில் அடிக்கடி கேட்ட பெயரை வானத்தில் ஒட்டிவைப்பதுதான் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் செய்யும் முதல் தவறு.

பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை. ஒரு விமானத்தின் உருவம் அது செய்யும் வேலையிலிருந்து பிறக்கிறது. இறக்கை ஏன் மேலே இருக்கிறது, இன்ஜின் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுப் பழகினால் பெயர் தானாக வந்து நிற்கும். அந்த வரிசையிலேயே போவோம்.

கையில் என்ன வேண்டும்

8x42 பைனாகுலர் ஒன்று போதும். 10x50 கொஞ்சம் பெரிதாகக் காட்டும். ஆனால் கை நடுக்கத்தையும் பெரிதாக்கும், வேகமாகப் போகும் ஜெட்டைக் கண்ணாடிக்குள் பிடிப்பதும் கஷ்டம். ஒரு சின்ன நோட்டு, பென்சில். நேரம், திசை, எத்தனை விமானம், இறக்கை எப்படி, வால் எப்படி என்று பார்த்தவுடன் எழுதுங்கள், முடிந்தால் கோட்டுப்படமாகவே. பெயரை அப்போது எழுத வேண்டாம். பெயர் எழுதியபின், பார்க்காததையும் பார்த்ததாக நினைவு சொல்ல ஆரம்பித்துவிடும்.

சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் எல்லா விமானமும் கறுப்பு நிழல்தான்.

இன்னொன்று, சத்தம் வருகிற இடத்தில் தேடாதீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. 3 கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் ஜெட்டின் சத்தம் உங்களை எட்ட ஏறக்குறைய 9 நொடி ஆகும். அதற்குள், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் 2 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். சத்தம் நகரும் திசையைக் கண்டுகொண்டு, அதற்கு வெகு முன்னால் கண்ணை ஓட்டுங்கள்.

முதல் படி: யாருடையது?

வானத்தில் போகும் ராணுவ விமானம் எல்லாம் விமானப்படையுடையது அல்ல. விமானப்படையின் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. வாலில் அதே மூவர்ணத்தில் ஒரு பட்டை. கடலோரக் காவல்படை விமானங்கள் வெள்ளை உடம்புடன் இருக்கும், சட்டென்று தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் அதிகம் குழம்புவது பி-8ஐ விமானத்தில்தான். அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து பறப்பது, கடற்படைக்குச் சொந்தம். போயிங் 737 பயணிகள் விமானத்தின் உடலை வைத்துச் செய்தது என்பதால் "ஏதோ ஏர்லைன்ஸ்" என்று விட்டுவிடுவார்கள். உடம்பு முழுக்கச் சாம்பல், ஜன்னல் வரிசை கிடையாது, வாலின் பின்னால் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கடலுக்கடியில் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கியின் இரும்பு புவிக் காந்தப்புலத்தில் ஏற்படுத்தும் சிறு மாற்றத்தைப் பிடிக்கும் கருவி அந்தக் கம்பிக்குள் இருக்கிறது.

இரண்டாம் படி: எதனால் பறக்கிறது?

ஜெட்டா, புரொப்பல்லரா, தலைக்கு மேல் ரோட்டர் சுற்றும் ஹெலிகாப்டரா? கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். ஜெட் சீறும். புரொப்பல்லர் ஒரே சீராக ரீங்கரிக்கும். ஹெலிகாப்டர் காற்றை அடித்து அடித்து வரும்.

வேகத்தை மட்டும் நம்பாதீர்கள். உருவம் பெரிதாக இருந்தால் வேகம் குறைவாகத் தோன்றும். 53 மீட்டர் நீளமுள்ள சி-17 தரையிறங்க வரும்போது காற்றில் நின்றுவிட்டது போலவே இருக்கும். அருகில் ஒரு சிறிய பயிற்சி விமானம் போனால் அதுதான் விரைவது போலத் தெரியும். கண் ஏமாறுகிறது, அவ்வளவுதான்.

மூன்றாம் படி: போர் விமானம் என்றால்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். இந்திய விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமான ஸ்குவாட்ரன்கள் 42. 1963 முதல் ஓடிய மிக்-21 கடைசியாக 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றபின் மிஞ்சியது 29. ஒரு ஸ்குவாட்ரனில் 16 முதல் 18 விமானங்கள். பழைய புத்தகங்களிலும் இணையப் பட்டியல்களிலும் இன்னும் மிக்-21, மிக்-27 எல்லாம் இருக்கும்; மிக்-27 போனது 2019 டிசம்பரிலேயே. அவற்றை அடித்துவிட்டால் மிஞ்சுவது ஆறே வகை: சுகோய்-30 எம்கேஐ, ரஃபேல், தேஜஸ், மிராஜ் 2000, மிக்-29, ஜாகுவார்.

மூன்று கேள்விகள் கேளுங்கள். வால் ஒன்றா இரண்டா? பின்னால் தனியாகக் கிடைவால் (வாலருகே படுக்கையாக நிற்கும் சிறு இறக்கை) இருக்கிறதா? விமானி அறைக்குப் பக்கத்தில் குட்டி இறக்கை முளைத்திருக்கிறதா?

செங்குத்து வால் இரண்டு என்றால் சுகோய் அல்லது மிக்-29. இரண்டும் ரஷ்ய வடிவமைப்பு, இரண்டுக்கும் இரட்டை இன்ஜின், தூரத்தில் அண்ணன் தம்பி போல இருக்கும். குட்டி முன்னிறக்கை இருந்தால் சுகோய், இல்லாவிட்டால் மிக்-29. அது தெரியவில்லையென்றால் பின்பக்கம் பாருங்கள்: சுகோயின் இரண்டு இன்ஜின்களுக்கும் நடுவே தேள் கொடுக்குபோல் ஒரு முனை பின்னால் நீண்டிருக்கும். மிக்-29இல் அது கிடையாது. இருக்கையும் உதவும். சுகோய்-30இல் எப்போதும் இரண்டு பேர், ஒருவர் பின்னால் ஒருவர். அதனால் கண்ணாடிக் கூடு நீளம். மிக்-29 பெரும்பாலும் ஒற்றை ஆள். போதாததற்கு, மிக்-29இன் ஆர்டி-33 இன்ஜின் புகை கக்குவதற்குப் பேர்போனது. கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டு போனால் சந்தேகப்படலாம்; ஆனால் புகையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

சுகோய்தான் இந்தப் படையின் முதுகெலும்பு. எண்ணிக்கையில் 250க்கு மேல். 22 மீட்டர் நீளம், முழுச் சுமையோடு 38.8 டன். இன்ஜினின் வாயையே திருப்பி உந்துவிசையைச் சாய்க்க முடியும் என்பதால், வான் சாகசக் காட்சியில் மூக்கை நிமிர்த்திக் காற்றில் ஏறக்குறைய நின்றபடியே திரும்பும் விமானத்தைப் பார்த்தால் வேறு யோசனையே வேண்டாம். தஞ்சாவூரில் 2020 ஜனவரி 20 முதல் இருக்கும் 222ஆவது ஸ்குவாட்ரன் இந்த விமானத்தையே ஓட்டுகிறது. 2.5 டன் எடையுள்ள பிரமோஸ் ஏவுகணையை வயிற்றுக்கடியில் ஒன்று கட்டிக்கொண்டு போகும். இவ்வளவு கனத்தைச் சுமக்கப் பெரிய உடம்பு வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஆக, தஞ்சாவூர் வயலில் கேட்ட சத்தத்துக்கு விடை கிடைத்துவிட்டது.

வால் ஒன்றே, தனிக் கிடைவால் இல்லை, இறக்கை முக்கோணம் என்றால் மூன்று பேர் போட்டியில் இருக்கிறார்கள்: ரஃபேல், மிராஜ், தேஜஸ். முன்னிறக்கை இருந்தால் ரஃபேல். பின்னால் ஒட்டி ஒட்டி இரண்டு இன்ஜின் வாய்கள், மூக்குக்குப் பின்னால் வலப்புறம் நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருக்கும், வானில் எரிபொருள் வாங்கும் குழாய். வாங்கியது 36தான், முதல் ஐந்து 2020 ஜூலை 29 அன்று அம்பாலா வந்து சேர்ந்தன. இன்னொரு ஸ்குவாட்ரன் மேற்கு வங்கத்தின் ஹாசிமாராவில். தமிழ்நாட்டு வானில் தினமும் ரஃபேல் பார்ப்பதாக யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

தேஜஸையும் மிராஜையும் பிரிப்பதுதான் உண்மையான தேர்வு. இரண்டுக்கும் ஒற்றை இன்ஜின், இரண்டுக்கும் முக்கோண இறக்கை, முன்னிறக்கை இரண்டுக்கும் இல்லை. இறக்கையின் முன்விளிம்பைப் பாருங்கள். மிராஜில் அது உடம்பிலிருந்து நுனிவரை அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் ஒரே நேர்கோடு. தேஜஸில் நடுவில் ஒடியும்: உடம்பருகே சாய்வு குறைவு, அப்புறம் சாய்வு கூடும். அந்த ஒடிசல் தெரிந்தால் தேஜஸ். பக்கவாட்டில் நின்று பார்த்தால் மிராஜின் காற்று புகும் வாயில் பாதிக் கூம்பு ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒலியைவிட வேகமாகப் போகும்போது உள்ளே வரும் காற்றை மட்டுப்படுத்துவது அதன் வேலை. தேஜஸின் வாய் வெறுமையாக, இறக்கைக்கு அடியில் ஒதுங்கியிருக்கும். தேஜஸ் மிகச் சிறியது, இறக்கையகலம் 8.2 மீட்டர்தான், நம் சுகோயைவிட ஆறு மீட்டருக்கு மேல் குறைவு. அதன் இரு ஸ்குவாட்ரன்களும் (45ஆவது, 18ஆவது) கோவை அருகே சூலூரிலிருந்து பறந்தவை. 18ஆவது ஸ்குவாட்ரன் தேஜஸோடு தொடங்கியதே அங்குதான், 2020 மே 27 அன்று. மிராஜின் வீடு குவாலியர்.

மிஞ்சியது ஜாகுவார். ஒற்றை வால், ஆனால் கிடைவாலும் உண்டு, அதுவும் கீழ்நோக்கித் தொங்கியிருக்கும். இறக்கை தோளுக்கு மேலே, சிறியது. இது வானில் சண்டை போட வந்ததல்ல. மரத்தை உரசுவதுபோல் தாழப் பறந்து எதிரி நிலத்துக்குள் குண்டு போட வந்தது. தரையை ஒட்டிய காற்று கொந்தளிப்பானது. பெரிய இறக்கை ஒவ்வொரு வீச்சுக்கும் குலுங்கும். சிறிய இறக்கை அதைக் கிழித்துக்கொண்டு போகும். அதற்கு விலையும் உண்டு: வலுக்குறைந்த இன்ஜின், சிறிய இறக்கை, கோடை வெயில் மூன்றும் சேர்ந்தால் ஏறுவதற்குத் திணறும். ஏவுகணையை இறக்கைக்கு *மேலே* பொருத்திய போர் விமானம் ஒன்றைப் பார்த்தால் அது ஜாகுவார்தான். கீழே முழுக்கக் குண்டுக்கு ஒதுக்கிவிட்டதால் தற்காப்பு ஏவுகணையை மாடியில் ஏற்றிவிட்டார்கள். உலகத்தில் இதை இன்னும் ஓட்டுவது இந்தியா மட்டும்.

நான்காம் படி: சரக்கு விமானம் என்றால்

இங்கே அடையாளம் காணப்போகும் எல்லாவற்றுக்கும் இறக்கை மேலேதான் இருக்கும். இறக்கை மேலே போனால் உடம்பு தரைக்குத் தாழும். பின்கதவைச் சாய்தளமாக இறக்கினால் லாரியோ ஜீப்போ நேராக ஏறிவிடும். இதை நினைவில் வைத்துக்கொண்டு இன்ஜின்களை எண்ணுங்கள்.

நான்கு புரொப்பல்லர் என்றால் சி-130ஜே. விமானப்படையில் வேறு எதற்கும் நான்கு கிடையாது. ஒவ்வொன்றிலும் ஆறு அலகுகள் (சுற்றும் தகடுகள்), அரிவாள் போல வளைந்தவை. 2013 ஆகஸ்ட் 20 அன்று லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில், 16,614 அடி உயரத்தில் உள்ள மண் ஓடுதளத்தில் இறங்கியது இந்த வகைதான்.

இரண்டு புரொப்பல்லர் என்றால் பெரும்பாலும் ஏஎன்-32 அல்லது சி-295. ஏஎன்-32இல் இன்ஜின்கள் இறக்கைக்கு மேலே மூட்டை வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும். காரணம் சுவையானது. இமயமலை உயரத்திலும் ராஜஸ்தான் வெயிலிலும் காற்று மெலிதாகிவிடும். மெல்லிய காற்றில் இழுவை கிடைக்க 5,000 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இன்ஜின்களும் பெரிய புரொப்பல்லர்களும் தேவைப்பட்டன. பெரிய புரொப்பல்லர் உடம்பிலோ தரையிலோ மோதாமல் இருக்க, கரடுமுரடான ஓடுதளத்துக் கல் அதில் அடிக்காமல் இருக்க, இன்ஜினை மேலே தூக்கிவிட்டார்கள். 1984 முதல் இருக்கிறது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்டு வங்கக் கடலில் மறைந்தது இந்த வகை விமானம்தான்; 29 பேர் இருந்தார்கள். சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் தென்பட்ட செய்தி 2024 ஜனவரியில்தான் வந்தது.

சி-295இல் இன்ஜின்கள் இறக்கையின் முன்விளிம்போடு சீராக இணைந்திருக்கும், உடம்பு ஒல்லி, ஆறு அலகுப் புரொப்பல்லர். மொத்தம் 56: 16 ஸ்பெயினிலிருந்து, 40 வதோதராவில் கட்டுவது. பழைய ஆவ்ரோ சரக்கு விமானத்தின் இடத்துக்கு வந்தது.

நான்கு ஜெட் இன்ஜின், டி வடிவ வால் என்றால் சி-17 அல்லது ஐஎல்-76. இறக்கை நுனி மேலே மடங்கியிருந்தால் சி-17. 11 இருக்கின்றன, ஒவ்வொன்றும் 77 டன்வரை தூக்கும். நுனி மடங்காமல், மூக்குக்கு அடியில் கண்ணாடி அறை இருந்தால் ஐஎல்-76. கீழே தரையைப் பார்த்து வழிசொல்ல ஒரு ஆளை அந்தக் கண்ணாடிக்குள் உட்கார வைத்த காலத்து வடிவம் அது.

ஐஎல்-76இன் உடம்பில் என்ன சேர்ந்திருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள். இரண்டு இறக்கைகளிலும் ஒவ்வொன்று, வாலருகே இடப்புறம் ஒன்று என மூன்று உருண்டைக் கூடுகள் தெரிந்தால் அது ஐஎல்-78, வானில் எரிபொருள் ஊற்றும் டேங்கர். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் குழாய் நீளும், ஒரே நேரத்தில் மூன்று போர் விமானங்கள் குடிக்கலாம். இருப்பது ஆறே ஆறு. முதுகில் பெரிய தட்டு கவிழ்த்து வைத்ததுபோல் இருந்தால் ஃபால்கன் ரேடார் விமானம், மூன்று மட்டும். அந்தத் தட்டு சுற்றுகிறது என்று பலர் எழுதுவார்கள், தவறு: இந்தியாவிடம் உள்ளதில் தட்டு அசையாது, உள்ளே முக்கோணமாக வைத்த மூன்று ரேடார்கள் எல்லாத் திசையும் பார்த்துக்கொள்ளும். முதுகில் தட்டுக்குப் பதில் நீளப் பலகை இருந்தால், இன்ஜின்கள் வாலருகே இருந்தால், உள்நாட்டு ரேடார் விமானம் நேத்ரா.

ஐந்தாம் படி: ஹெலிகாப்டர் என்றால்

முதலில் ரோட்டரை எண்ணுங்கள். முன்னொன்று பின்னொன்று என இரண்டு பெரிய ரோட்டர் இருந்தால் சினூக், முடிந்தது. இரண்டும் எதிரெதிராகச் சுற்றுவதால் உடம்பு தானாகச் சுழல முயல்வது ரத்தாகிவிடும், வாலில் சின்ன விசிறி தேவையே இல்லை, இன்ஜினின் முழு பலமும் தூக்குவதற்கே போகும். 15 இருக்கின்றன.

தடித்த உடம்பு, ஐந்து அலகு ரோட்டர், சக்கரம் என்றால் எம்ஐ-17. வெள்ள மீட்பில் கூரை மேல் கயிறு இறக்குவது பெரும்பாலும் இதுதான். அடுத்து துருவ்: நான்கு அலகு, குட்டை உடம்பு. இதில் ஒரு நல்ல நுணுக்கம் உண்டு. விமானப்படை, ராணுவத்தின் துருவுக்குக் காலில் சறுக்குக் கம்பி. கடற்படை, கடலோரக் காவல்படையினுடையதற்குச் சக்கரம். காலைப் பார்த்தாலே யாருடையது என்று பாதி தெரிந்துவிடும். மயில் படம் தீட்டிய துருவ்கள் கூட்டமாகச் சாகசம் செய்தால் அது சூலூரின் சாரங் குழு.

மூன்று அலகு ரோட்டரும் சின்ன உடம்பும் இருந்தால் சேதக் அல்லது சீட்டா. சீட்டாவின் வால் வெறும் கம்பிக்கூடு, உள்ளே ஊடுருவிப் பார்க்கலாம். எடை குறைந்தால்தான் சியாச்சினில் ஏற முடியும். சேதக்கின் வால் மூடியிருக்கும், கீழே மூன்று சக்கரம்.

ஒல்லி முகத்தோடு, இருவர் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்திருந்தால் தாக்குதல் ஹெலிகாப்டர். எதிரிக்குக் காட்டும் முகம் எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது என்பதால் பக்கம்பக்கமாக உட்கார வைப்பதில்லை. உடம்பின் இருபுறமும் இன்ஜின்கள் புடைத்துத் தெரிந்தால், சிலவற்றில் ரோட்டருக்கு மேலே பூசணிக்காய் போல ரேடார் இருந்தால், அப்பாச்சி. அதைவிடச் சிறிதாக, கோணல் கோணலாகச் செதுக்கியது போலிருந்தால் பிரசண்ட்.

பயிற்சி விமானங்கள்

சுருக்கமாகப் போகலாம். புரொப்பல்லர் ஒன்று, இறக்கை கீழே: பிலாட்டஸ். இருவர் பக்கம்பக்கமாக அமர்ந்த மழுங்கிய மூக்கு ஜெட்: கிரண். ஒருவர்பின் ஒருவர் அமர்ந்த ஒற்றை இன்ஜின் ஜெட்: ஹாக், சிவப்பு வெள்ளையில் ஒன்பது சேர்ந்து பறந்தால் சூர்யகிரண் குழு. பறக்கக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி தாம்பரத்தில் இருப்பதால் அங்கே வானில் கண்ணில் படுவது பெரும்பாலும் பயிற்சி வகைகள்தான்.

எண்ணைப் படிப்பது

பின்னுடம்பில் எழுத்தும் எண்ணும் இருக்கும். உருவத்தில் சந்தேகம் வந்தால் எழுத்து தீர்த்துவைக்கும். 'எஸ்பி' என்றால் சுகோய், 'எல்ஏ' என்றால் தேஜஸ், 'கேசி' சி-130ஜே, 'சிபி' சி-17, 'ஆர்கே' டேங்கர், 'கேடபிள்யூ' ஃபால்கன். 'இசட்' என்று தொடங்கினால் ஹெலிகாப்டர். ரஃபேலில் 'ஆர்பி', 'பிஎஸ்' என இரண்டு உண்டு: இருவர் அமரும் எட்டுக்கு அப்போதைய தளபதி ஆர்.கே.எஸ். பதௌரியாவின் பெயரெழுத்து, ஒருவர் அமரும் 28க்கு அவருக்கு முந்தைய தளபதி பி.எஸ். தனோவாவின் பெயரெழுத்து.

படம் எடுப்பதானால்

ஜெட்டுக்கு ஷட்டர் 1/1000 நொடி அல்லது அதற்கும் வேகம். அதே அமைப்பில் ஹெலிகாப்டரை எடுத்தால் ரோட்டர் அப்படியே உறைந்து, கயிற்றில் தொங்கும் பொம்மை போல இருக்கும். ரோட்டருக்கும் புரொப்பல்லருக்கும் 1/125 முதல் 1/250 வரை வைத்து, விமானத்தோடு சேர்ந்து கேமராவை நகர்த்துங்கள். பத்தில் ஏழு படம் கலங்கும். அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

எங்கே எடுக்கலாம் என்பது அதைவிட முக்கியம். விமானப்படைத் தளங்கள் தடைசெய்யப்பட்ட இடங்கள். மதில் ஓரம் நின்று கேமராவோ பைனாகுலரோ நீட்டினால் 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் வரை பேச வேண்டியிருக்கும். "சும்மா பொழுதுபோக்குக்குத்தான்" என்ற விளக்கம் காவலரிடம் எடுபடாது. மக்களுக்காகவே நடத்தும் காட்சிகளுக்குப் போங்கள்: பெங்களூரு எலகங்காவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏரோ இந்தியா, அக்டோபர் 8 விமானப்படை நாளை ஒட்டிய சாகசங்கள். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்ததும் அப்படிப்பட்டதுதான். அன்று கூட்ட நெரிசலிலும் வெயிலிலும் உயிர்கள் போயின. ஆகவே குடை, குறைந்தது 2 லிட்டர் தண்ணீர், தொப்பி இல்லாமல் கிளம்பாதீர்கள். குழந்தைகளோடு போனால் காட்சி முடிவதற்குக் கால்மணி நேரம் முன்பே வெளியேறத் தொடங்குங்கள்.